ஊசி விழுந்ததை நான் கண்டேன்

போன வருடம் என் மருமகனின் கார் வவுனியாவுக்கு வரும் வழியில் இழுவை இழந்தது. டேர்போ பூட்டிய புதுக் கார். மேடு பள்ளமில்லாத தெருவில், காலை எவ்வளவு அழுத்தினாலும் முன்னால் போன சைக்கிளை முந்த முடியாமல் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கராஜில் இருந்த இளைஞன் கம்பியூட்டரை எடுக்கவில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சிறு குழாயைக் கழற்றி, அதில் வட்டமான மானி ஒன்றைப் பொருத்தினான். எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்தபடி எங்களைக் கூப்பிட்டான்.

“ஐயா, வந்து பாருங்கோ. ஊசி மெல்ல மெல்ல விழுது. உள்ளுக்குப் போற காத்து வெளியில போக வழியில்லாமல் நிக்குது. பின்னால எங்கயோ அடைப்பு.”

மருமகன் குனிந்து பார்த்தார். நான் கிட்டப் போகவில்லை. அப்படி ஊசி விழுவதை அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவில் ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன். அன்று நான் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அப்போது முல்லைத்தீவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கொழும்பில் மோட்டார் எஞ்சின் பற்றிக் கொஞ்சக் காலம் படித்து, முடிக்காமல் விட்டுவிட்டு வந்தவன். விட்டுவிட்டு வந்ததைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்வதில்லை. ஆனால் கொழும்பில் வாங்கிய மானி ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். எஞ்சின் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று காட்டும் மானி அது. அந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் எஞ்சினின் உறிஞ்சலில்தான் ஆடும். அந்த வைப்பர் குழாயைக் கழற்றி மானியில் செருகிவிட்டால் போதும். ஊசி அசையாமல் நின்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. துடித்தால் வால்வில் கோளாறு. தாழ்ந்து நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஒரே வேகத்தில் பிடித்திருக்கும்போது படிப்படியாக விழுந்தால் புகைக்குழாய் அடைபட்டிருக்கிறது.

ஊரில் அதற்கு ‘மாஸ்டரின்ர மணிக்கூடு’ என்று பெயர். சனிக்கிழமைகளில் என் வாடகை வீட்டு வளவுக்குள் ஏதாவது ஒரு கார் அல்லது லொறி நிற்கும். நான் ஊசியைப் பார்த்துவிட்டுச் சொல்வேன். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

இந்தக் கதைக்குரிய கார் ஒரு கருவாட்டு வியாபாரியுடையது. முஸ்லிம் பெரியவர். நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். நாயாற்றில் கருவாடு வாங்கி வந்து கடையில் விற்பார். காரை வாடகைக் காராக ஓட விட்டிருந்தார். அதை ஓட்டியவர் என் வயது இளைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனகராயன்குளத்தில் காணி பெற்றுக் குடியேறிய குடும்பம். வயல் வேலை பிடிக்காமல் வீட்டில் கோபித்துக்கொண்டு முல்லைத்தீவுக்கு வந்தவரைக் காக்காதான் பிடித்து வைத்துக்கொண்டார். தெருவில் வேறு ஆட்களிடம் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்த அன்றே, ஒரு கேள்வியும் கேட்காமல் காக்கா காரின் திறப்பைக் கையில் கொடுத்தாராம். அதை அந்தச் சாரதி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெருநாளில் காக்கா வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

மாதத்தில் ஒருமுறை நான் வீட்டுக்குப் போகும் வெள்ளிக்கிழமை அவர் என்னை மாங்குளம் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். எனக்கு எப்போதும் முன் ஆசனம். அவர் என்னை ‘நீங்கள்’ என்பார். நான் அவரை ‘நீர்’ என்பேன். அன்றைக்கு அது இயல்பாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு, திரும்பி வரும் வழியில், தாம்போதியில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தெருவைத் தாழ்த்தி, மழைநீர் அதன் மேலாலேயே பாய்ந்து போகும்படி சீமெந்து போட்ட இடம் அது. மழைக் காலத்தில் கார் தள்ளுவதற்கென்றே அங்கே நாலைந்து பேர் நிற்பார்கள்.

“இறங்குங்கோ மாஸ்டர்,” என்றார் சாரதி. “தண்ணி கதவுக்கு வந்திட்டுது. ஓடினால் எஞ்சின் நிண்டிடும். தள்ளித்தான் எடுக்கவேணும்.”

தள்ளுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. எஞ்சினில் நெருப்புப் பொறி வரும் பாகங்களை மெழுகுச்சீலையால் சுற்றிக் கட்டவேண்டும். பின்னால் புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஏறாமல் தேங்காய்த் தும்பால் அடைக்கவேண்டும். அதற்கென்று அவர் ஒரு தும்பு உருண்டை வைத்திருந்தார். அதில் ஒரு முழம் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு ‘வால்’ என்று பேர் வைத்திருந்தார்.

“நான் அடைக்கிறன். நீர் முன்பக்கத்தைப் பாரும்,” என்றேன்.

அவர் உருண்டையை என்னிடம் எறிந்தார். “வால் வெளியில நிக்கவேணும் மாஸ்டர். வாலில்லாததை உள்ளுக்கு விட்டால் பிறகு ஆர் போய் எடுக்கிறது?”

தள்ள வந்தவர்களில் ஒருவர், “மாஸ்டருக்கு வால் எந்தப் பக்கமெண்டு தெரியுமோ?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உருண்டை எனக்குச் சிறியதாகத் தெரிந்தது. நீரின் அழுத்தம் பற்றி வகுப்பில் படிப்பிப்பவன் அல்லவா? பின் ஆசனத்துக்குக் கீழே கிடந்த உதிரித் தும்பை அள்ளி முதலில் குழாய்க்குள் திணித்து, கரையில் கிடந்த தடி ஒன்றால் போகும்வரை குத்தி இறக்கினேன். அதன் பிறகுதான் வால் உள்ள உருண்டையை வைத்தேன். அக்கரையில் சாரதி வாலைப் பிடித்து இழுத்தார். உருண்டை ‘பொக்’கென்று வந்தது. நான் நனைந்துபோய், குளிரில் நடுங்கிக்கொண்டு, வெள்ளத்தைப் பற்றித் தள்ளியவர்களுடன் கதைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே விட்ட தும்பு நினைவில் இல்லை. இது உண்மை. அதுவரை நான் செய்தது மறதி மட்டும்தான்.

தைப்பொங்கல் கழிந்ததும் காரின் இழுவை குறையத் தொடங்கியது. ஆட்கள் நிறைய ஏறினால் மூன்றாம் கியரில் முக்கும். சாரதி பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், கபரேற்றரைக் கழுவினார், ஒன்றும் சரிவரவில்லை. அதே மாதங்களில் சந்தியில் ஒரு பேச்சு ஓடியது. சில சாரதிமார் பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து முதலாளிமாரை ஏமாற்றுகிறார்கள் என்று. யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியான பேச்சு ஆளைத் தேடிக்கொண்டுதான் அலையும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, காக்காவும் சாரதியும் காரை என் வளவுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். காக்காவுக்கு வேம்பின் கீழ் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தேன். சாரதி உள்ளே ஏறி இருந்தார். நான் பொனற்றைத் திறந்து, மானியைப் பூட்டி, எஞ்சினை இயக்கச் சொன்னேன்.

மெதுவாக ஓடும்போது ஊசி ஓரளவு சரியான இடத்தில் நின்றது. “கொஞ்சம் அழுத்தி, அப்பிடியே பிடியும்,” என்றேன். அழுத்தினார். ஊசி ஒருமுறை தாழ்ந்து, ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது. ஒரே சீராக, கிணற்றில் வாளி இறங்குவதுபோல் இறங்கியது. புகைக்குழாய் என்று மனம் சொன்னது. சொன்ன அதே கணத்தில் தாம்போதியும் தடியும் வாலில்லாத தும்பும் நினைவுக்கு வந்தன.

“போதும். விடும்,” என்றேன்.

பொனற்றின் மறைவில் நின்றதால் ஊசியை நான் மட்டும்தான் கண்டேன். அப்போதே “பிழை என்னுடையது” என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார்கள். தள்ள வந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இத்தனை காலம் தேடியும் எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை.

“என்ன மாஸ்டர், மணிக்கூடு எத்தினை மணி எண்டுது?” என்றார் காக்கா.

“கொஞ்சம் பாக்கவேணும்.”

அவர் எழுந்து கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தி, “மண்ணெண்ணெய் கலந்தால் இப்பிடி இழுவை குறையுமோ?” என்று கேட்டார்.

“குறையும்,” என்றேன். அது பொய்யல்ல. கலந்தால் குறையும்.

“வேற ஏதும் காட்டுதோ?”

“இல்லை.”

சாரதி இதைக் கேட்டுவிட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகம் சிவந்து போயிருந்தது.

“முதலாளி, டாங்கைத் திறக்கிறன். நீங்களே மணந்து பாருங்கோ.”

“என்ர மூக்கு எப்பவோ செத்துப்போச்சு மகன்,” என்றார் காக்கா. “கருவாட்டுக்கை இருக்கிறவனுக்கு அத்தரும் ஒண்டுதான், பெற்றோலும் ஒண்டுதான். மாஸ்டர் மணந்து சொல்லட்டும்.”

நான் டாங்கின் வாயில் முகத்தை வைத்து முகர்ந்தேன். சுத்தமான பெற்றோல். மண்ணெண்ணெயின் வாடை துளியும் இல்லை. இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நிச்சயமாச் சொல்லேலாது,” என்றேன்.

படித்தவன் ஒருவன் நிதானமாகச் சொன்ன சொல்லாக அது அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

சாரதி திறப்பை எடுத்துக் கதிரையின் கையில் வைத்தார். “கார் கிடக்கட்டும் முதலாளி. நான் கலந்தனான் எண்டு நீங்கள் நம்புறீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

காக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ரெண்டு கிழமைக்கு வேற ஒராளை விட்டுப் பாப்பம். அப்பவும் இழுக்கேல்லையெண்டால் பிழை காரில. நீ வந்து திறப்பை எடு.”

“பாருங்கோ,” என்றுவிட்டு அவர் நடந்து போனார். வேலிப் படலையைத் திரும்பச் சாத்திவிட்டுத்தான் போனார்.

காக்கா சொன்னது நேர்மையான சோதனை. நான் சும்மா இருந்திருந்தாலே போதும். புதுச் சாரதியிடமும் கார் முக்கியிருக்கும். சாரதி திறப்பை எடுத்திருப்பார். ஆனால் அதன் பிறகு காரை வவுனியாவுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அங்கே யாராவது குழாயைக் கழற்றியிருப்பார்கள், தும்பு வந்திருக்கும். தாம்போதியில் அடைத்தது யாரென்று கேட்டிருப்பார்கள். இதையெல்லாம் நான் அன்று பின்னேரமே யோசித்து முடித்துவிட்டேன்.

“காக்கா, காரை நாளைக்கும் என்னட்டை விடுங்கோ. ஒருக்கால் முழுக்கக் கழுவித் தாறன்,” என்றேன்.

மறுநாள் ஞாயிறு. படலையைப் பூட்டிவிட்டு, காரின் கீழே படுத்துப் பின்குழாயைக் கழற்றினேன். பின் அச்சுக்கு மேலாக வளைந்து போகும் இடத்தில் அது இருந்தது. வெள்ளத்துச் சேறு காய்ந்து, தும்பு கருகி, குருவிக்கூடு எரிந்ததுபோல் ஒரு கட்டி. கம்பியால் குத்தி இழுத்து எடுத்து, கிடங்கு வெட்டிப் புதைத்தேன். தன் வளவுக்குள் கிடங்கு வெட்டும் விஞ்ஞான ஆசிரியரை வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, “என்ன மாஸ்டர், வாழை வைக்கப்போறியளோ?” என்றார். “ஓம்,” என்றேன். பிறகு உண்மையிலேயே அந்த இடத்தில் ஒரு வாழைக்குட்டி வைக்கவேண்டி வந்தது.

காக்காவிடம், “டாங்கையும் கபரேற்றரையும் கழுவினனான். புதுப் பெற்றோல் விட்டனான்,” என்று சொல்லிக் காரைக் கொடுத்தேன். புதுச் சாரதியிடம் கார் பறந்தது. ஆட்கள் நிறைய ஏறியும் பறந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? இரண்டு கிழமை முடியுமுன்னரே சந்தியில் அவருக்கு ‘மண்ணெண்ணெய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் காரும் அவருக்குக் கிடைக்கவில்லை. கனகராயன்குளத்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதிவிடவேண்டும்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அம்மனுக்குக் கடல் தண்ணீரில் விளக்கேற்றுவது அங்கே வழக்கம். காக்காவின் காரும் அன்று முழுவதும் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் கோயில் தெருவோரம் வாடகைக் கார்க்காரர்கள் கூடி நின்ற இடத்தில் நானும் நின்றேன். பழைய சாரதி தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்தார். தாயின் கையில் பொங்கல் பானை.

“உங்கை பாருங்கோடா,” என்றார் ஒருவர். “அம்மாளுக்குக் கடல் தண்ணியில விளக்கெரியுது. இவருக்கு மண்ணெண்ணெயில கார் ஓடுது. ரெண்டும் அற்புதம்தான்.”

சிரிப்புப் பலமாக எழுந்தது. தாய் நிமிர்ந்து பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார். மகன், “நடவுங்கோ அம்மா,” என்றார். காக்காவின் கார் அவர்களைக் கடந்து போனது. மகன் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மனைக் கும்பிடாமலே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் காக்காவின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தும்பு, தடி, ஊசி, டாங்கை முகர்ந்தது, வாழைக்குட்டி. அவர் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகுதான் கையைத் துடைத்தார்.

“நீங்கள் ‘இல்லை’ எண்டு சொல்லேக்க நான் நம்பேல்ல மாஸ்டர்,” என்றார். “உங்கட மணிக்கூடும் ஒருநாளைக்குப் பிழை காட்டும்தானே எண்டு நினைச்சன். அதுக்குத்தான் ரெண்டு கிழமை பாப்பம் எண்டனான். பிறகு கார் பறந்திச்சு. அப்பதான் பெடியனைக் கைவிட்டன்.” கை துடைத்த துணியை உதறிவிட்டு, “பொய் சொன்னதோட நிண்டிருக்கலாம். காரையும் திருத்திப்போட்டீங்களே,” என்றார்.

புதுச் சாரதி இன்னும் வரவில்லை. காக்கா திறப்பை என்னிடம் நீட்டினார். “எடுங்கோ. கனகராயன்குளத்துக்குப் போவம்.”

காரை நான்தான் ஓட்டினேன். நாங்கள் போனபோது சாரதி வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். காரைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி வைத்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வந்தார்.

“மகன், நீ கலக்கேல்ல,” என்றார் காக்கா.

“அது எனக்குத் தெரியும் முதலாளி. உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

“இண்டைக்கு விடிய.”

நான் முன்னால் போய் நின்று, “வாலில்லாத தும்பு நான்தான் விட்டனான். ஊசி விழுந்ததைக் கண்டனான். கண்டிட்டுத்தான் இல்லையெண்டனான்,” என்றேன். சாரதி என்னைப் பார்க்காமல், காரின் பின்குழாயைப் பார்த்தார். பிறகு, “தேத்தண்ணி குடியுங்கோ,” என்று காக்காவைக் கூப்பிட்டார். தாய் எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தார்.

காக்கா திறப்பை நீட்டியபோது அவர் உடனே வாங்கவில்லை. “வயலில இறங்கீட்டன் முதலாளி. இந்தப் போகம் முடியட்டும், பாப்பம்,” என்றார். காக்கா தலையை ஆட்டினார். ‘பாப்பம்’ என்ற அந்தச் சொல்லை அவரும் ஒருநாள் சொன்னவர்தானே. “ஆனால் உங்களைக் கொண்டுபோய் விடுறன். மாஸ்டர் கியர் மாத்தின சத்தம் மூண்டாம் வயலுக்குக் கேட்டது,” என்றார் சாரதி.

முன் ஆசனத்தில் காக்கா ஏறினார். நான் பின்னால் ஏறினேன். கார் சாரதியின் கையில் வேறு காராக ஓடியது. தாம்போதி வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. மாடுகள் இரண்டு அதன் மேல் நின்றன. அவை விலகும்வரை காரை நிறுத்தினார். அன்று என்னிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“மாஸ்டர், தண்ணியில்லை. நீங்கள் இறங்கத் தேவையில்லை.”

காக்கா வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

முல்லைத்தீவுச் சந்தியில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். “மண்ணெண்ணெய் வந்திட்டான்!” என்று யாரோ கத்தினார்கள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இங்கை இறங்கலாம்,” என்றார்.

இறங்கினேன். அவர்கள் நடுவே போய் நின்று, திக்கித் திக்கி, நடந்ததைச் சொன்னேன். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வெடித்துச் சிரித்தார்கள். அன்று பின்னேரமே எனக்கு ‘தும்பு மாஸ்டர்’ என்று பெயர் வந்துவிட்டது. மறுநாள் கரும்பலகையில் வாலில்லாத குரங்கொன்று கீறியிருந்தது.

அந்தப் போகம் முடிந்ததும் சாரதி திரும்பி வந்து காரை எடுத்தார். காக்கா இருக்கும்வரை அவரே ஓட்டினார் என்று பின்னர் அறிந்தேன். நேரில் பார்க்க நான் அங்கே இருக்கவில்லை. கிடைத்த முதல் இடமாற்றத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். தான் செய்யாத ஒன்றுக்குக் கிடைத்த பெயரோடு அவர் தாயைக் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு வந்தார். நான் செய்ததற்குக் கிடைத்த பெயரோடு என்னால் ஒரு பாடசாலைத் தவணைகூட அந்த ஊரில் நிற்க முடியவில்லை.